பேரணாம்பட்டைவிடக் கொழும்பு கிட்டே

ஆம்பூர், திங்கட்கிழமை

கொழும்பு மாநகரில் பள்ளி ஆசிரியராக வீற்றிருப்பவரும், என் அக்காள் மகள் ரோஸுக்கு நிச்சயமானவருமான மாப்பிள்ளை ஜேக்கப் அவர்களுக்கு, தாய்மாமன் கிருபானந்தம் கண்ணீரில் கழுத்தளவு நின்று எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். நான் ஒருவன்தான் செத்துக்கொண்டிருக்கிறேன்.

ரோஸுக்கு முதலில் வந்தது பேரணாம்பட்டு வரன். அத்தான் காலமானதிலிருந்து ஒரே மகளே உலகம் என்றிருக்கும் என் அக்காள் அமிர்தவள்ளி, "அஞ்சு மணி நேரம் மாட்டுவண்டி! பொண்ணுக்குத் தலைவலின்னா நான் போய்ச் சேர்றதுக்குள்ள ஜுரமே வந்துடும்" என்று தள்ளிவிட்டாள். பஸ்ஸில் போயேன் என்றால், தோல் ஊறும் தொட்டிக்குப் பக்கத்திலேயே முப்பது வருஷமாக மூச்சு விடும் அந்த மகராசிக்குப் பெட்ரோல் நாற்றம் ஆகாதாம். பிறகு உம்முடைய வரன் வந்தது. உம் போட்டோவைப் பார்த்த ரோஸ் மூன்று நாள் குழம்புக்கு உப்புப் போட மறந்தாள். பெண் மனசு எனக்குப் புரிந்தது. பேப்பர் படிக்கிறவன் என்கிற அதிகாரத்தில், "அக்கா, மெட்ராஸில் ஆகாய விமானம் ஏறினா நாலே மணி நேரம், கொழும்பு! பேரணாம்பட்டைவிடக் கிட்டே!" என்று ஒரு போடு போட்டேன். அக்காள் விரல்விட்டு எண்ணினாள். அஞ்சு ஜாஸ்தி, நாலு கம்மி. சம்மதித்துவிட்டாள்.

அன்று பிடித்தது சனியன். ஞாயிறுதோறும் மகளுக்குக் கறிக்குழம்பு கொண்டுபோகத் தூக்குச்சட்டி வாங்கி, தெருவெல்லாம் பெருமையடித்து, கோவிலில் கல்யாண அறிவிப்பு ஓலையும் இரண்டு ஞாயிறு வாசித்தாகிவிட்டது. நேற்று மாலை தோல் வியாபாரி இஷ்தியாக் அகமது பாய் வந்தார். அடிக்கடி கொழும்பு போகிறவர். அக்காள் பெருமையாக ஆரம்பித்தாள்.

"பாய், நீங்க விமானத்துலதானே போறீங்க?"

"இன்னாம்மா இது! ரெண்டு ராத்திரி ரயிலு, நடுவுல கப்பலு. விமானத்துல தபால் மூட்டைதான் போவும். மூட்டைக்குப் பக்கத்துல ரெண்டொரு தொரைமாருங்க."

அக்காள் என் பக்கம் திரும்பிய திருப்பில், தொட்டியில் ஊறிய ஆட்டுத்தோல்களுக்கெல்லாம் மறுபடி மயிர் முளைத்துச் சிலிர்த்து நின்றது.

"ஏன்டா கிருபா, நான் இன்னா தபால் மூட்டையா?"

"இல்லக்கா, நீ மூட்டையைவிட ஜாஸ்தி..." என்று ஆரம்பித்தேன். முடிக்கவில்லை. தூக்குச்சட்டி பறந்து வந்தது. ஆம்பூரில் இதுவரை பறந்த விமானம் அது ஒன்றுதான்.

வருகிற ஞாயிறு மூன்றாம் ஓலை. யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று பாதிரி ஐயர் கேட்கும்போது, பெற்ற தாயே எழுந்து "உண்டு, தூரம்!" என்று சொல்லப்போகிறாளாம். ரோஸ் அழுகிற அழுகையில் வறண்ட பாலாற்றில் வெள்ளம். என்னை மாமா என்று கூப்பிடுவதையே விட்டுவிட்டாள். மாப்பிள்ளை, பேஜார் தாங்கவில்லை. ஒன்று, ஆம்பூருக்கே மாற்றல் வாங்கிக்கொண்டு வாரும். அல்லது வெள்ளம் வடிந்ததும் ஒரு விமானத்தைப் பிடித்து, பாலாற்று மணலில் அக்காள் கண்ணெதிரே இறங்கும். இரண்டும் முடியாதென்றால் கொழும்பையாவது கொஞ்சம் இப்படி இழுத்து வாரும்.

உமக்கும் உம்மைப் பெற்றவர்களுக்கும் என்னிடம் மிச்சமிருக்கும் ஆசீர்வாதம் முழுவதும் உரித்தாகுக.

இப்படிக்கு,
ஞாயிறுவரை உயிரோடிருக்கும் உம் மாமன்,
கிருபானந்தம்

பி.கு.: தபால்தலை தேடுவதற்குள் ஞாயிறே வந்துவிட்டது. ஐயர் ஆட்சேபணை கேட்டார். அக்காள் எழுந்தாள். நான் பெஞ்சுக்கு அடியில். ரோஸின் அழுது வீங்கிய முகத்தைப் பார்த்தவள், "ஒண்ணுமில்லீங்க ஐயரே, தூரந்தான் பேஜாரு. நானும் கூடவே போய்ட்றேன்" என்று உட்கார்ந்துவிட்டாள். கோவிலே ஆமென் என்றது. ஆகவே விமானம் வேண்டாம், மாற்றலும் வேண்டாம். தூக்குச்சட்டியின் நெளிவை எடுத்தாகிவிட்டது. இனி உமக்கும் மாமியாருக்கும் நடுவே தூரம் ஒரு சுவர்தான்.