பேர் கூப்பிடாத பெரட்டு

"இன்னிக்காவது பேர் கூப்பிட்டாங்களாடி?"

வட்டகொடைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து மீனம்மா போனில் கேட்கும் முதல் கேள்வி இதுதான். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

"இல்லம்மா. இங்க பேரெல்லாம் கூப்பிட மாட்டாங்க. கம்பஸ்மா இது."

"பேர் கூப்பிடாம நீ வந்தது அவங்களுக்கு எப்படிடி தெரியும்?"

மகள் தக்ஷிகாவுக்கும் அதே சந்தேகம்தான். மீனம்மா கல்யாணத்துக்கு முன்பிருந்தே கொழுந்து பறிப்பவள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் எல்லோரும் போய் நிற்க வேண்டும். கங்காணி பேரைக் கூப்பிட்டால்தான் வேலை, வேலை செய்தால்தான் சம்பளம். பேர் கூப்பிடாவிட்டால், ஆள் குத்துக்கல்லாக நின்றாலும் வராத கணக்குத்தான்.

தக்ஷிகா டிப்ளோமா படித்த ஹட்டன் கல்லூரியிலும் அப்படியே. கைக்கடக்கமான வகுப்பு. பாடம் எடுக்கும் சேர் பேர் கூப்பிடும்போதே, "அம்மாவுக்கு முட்டுவலி எப்படி?" என்றும் விசாரித்துவிடுவார். நல்ல பெறுபேறு எடுத்ததால் அவளை நேரே பல்கலைக்கழகத்தின் மூன்றாம் வருடத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். இங்கேயோ மண்டபம் நிறையத் தலைகள். யாருக்கும் யாரையும் தெரியாது.

யாரிடமாவது விசாரிக்கலாம்தான். ஆனால் அவள் மாட்டாள். ஊரிலிருந்து புறப்பட்ட அன்று, தோட்டத்துத் தலைவர் பெரியதம்பி ஸ்டேஷன்வரை வந்து ஆசீர்வாதம் செய்திருந்தார்.

"அம்மாம் பெரிய எடம். வழி கேட்டுக் கேட்டே அழுது, மாசம் முடியறதுக்குள்ள திரும்பி வந்துருவ பாரு."

ரயில் நகருமுன்பே தக்ஷிகா முடிவெடுத்துவிட்டாள். செத்தாலும் அந்த இடத்தில் ஒருத்தரிடமும் வழி கேட்பதில்லை. கேட்கவுமில்லை. தோட்டத்தில் பெரட்டு எங்கே என்று யார் கேட்கிறார்கள்? கூட்டம் எங்கே போகிறதோ அங்கேதான் பெரட்டு. முதல் நாள் காலையில் வாசலில் நின்று பார்த்தாள். பெரிய கூட்டம் பெரிய மண்டபத்துக்குள் போனது. இவளும் போய் முதல் வரிசையில் உட்கார்ந்தாள். முகாமைத்துவப் பாடம், அதாவது மேனேஜ்மென்ட், நடந்தது. இவளுடைய பாடமும் அதுதான். வழி கேட்காமல் வந்து சேர்ந்த பெருமையில் அன்றைக்குக் கென்டீனில் ஒரு வடை கூடுதலாகவே சாப்பிட்டாள்.

வினை வரவுத் தாளில் வந்தது. எண்பது வீதம் வரவு இல்லாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். பரீட்சை எழுதாவிட்டால் ஊருக்குப் போய்ப் பெரியதம்பியின் முகத்தில் விழிக்க வேண்டியதுதான். தாள் வரிசை வரிசையாகச் சுற்றி வரும். அவரவர் பெயருக்கு நேரே கையெழுத்து வைக்க வேண்டும். அதில் தக்ஷிகாவின் பெயர் இல்லை. அடியில் பேனாவால் எழுதிப் பார்த்தாள். அடுத்து வந்த தாளிலும் இல்லை.

"விட்டுட்டாங்க, பாத்தியா? தோட்டத்துப் புள்ளதானேன்னு விட்டுட்டாங்க!" என்று பக்கத்தில் இருந்த பிரியந்தியிடம் பொரிந்தாள்.

பிரியந்தி தலவாக்கலைக் கடைக்காரர் மகள், கொஞ்சம் பயந்த சுபாவம். "ஒஃபிஸ்ல ஒரு வார்த்தை கேட்டுப் பாரேன்."

"நான் ஏன் கேக்கணும்? வந்திருக்கேன்னு நானே சொல்றேன்."

சொன்னாள். மறுநாள் விரிவுரையாளர் கஜேந்திரன் மைக்கைப் பிடிக்குமுன் எழுந்து, இந்த மலையிலிருந்து அந்த மலைக்கு ஆள் கூப்பிடும் குரலில் அறிவித்தாள்.

"தக்ஷிகா! வட்டகொடை! வந்திருக்கேன் சேர்!"

மண்டபமே சிரித்தது. கஜேந்திரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்லது. இருங்கள்."

அடுத்த நாளும் சொன்னாள். அதற்கடுத்த நாள் பின்வரிசைப் பையன்களுக்கும் உற்சாகம் தொற்றிக்கொண்டது.

"மதுரன்! திருகோணமலை! வந்திருக்கேன் சேர்!"

"கிஷாந்த்! வவுனியா! வந்திருக்கேன் சேர்!"

கிஷாந்துக்காக மட்டும் இரண்டு மூலையிலிருந்து இரண்டு பேர் ஒரே நேரத்தில் கத்திவிட்டார்கள். நிஜமான கிஷாந்த் அப்போது ஹொஸ்டலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். கஜேந்திரன் தாளை வாங்கிப் பார்த்தார். அதில் கிஷாந்த் அழகாகக் கையெழுத்து வைத்திருந்தான்.

மனிதருக்கு வந்ததே கோபம்!

"இனி தாளும் இல்லை, கையெழுத்தும் இல்லை. நாளையிலிருந்து நானே பெயர் கூப்பிடுவேன்."

அத்தனை தலைகளும் தக்ஷிகாவின் பக்கம் திரும்பின. அன்று மத்தியானம் கென்டீனில் அவள் உட்கார்ந்த மேசை காலியானது. "கங்காணி வாறா, கங்காணி வாறா" என்று எவனோ பாடினான். பிரியந்தி, கண் தெரியவில்லை என்று சொல்லிப் பின்வரிசைக்குப் போய்விட்டாள்.

போகட்டுமே! தக்ஷிகா அன்றைக்கு வீட்டுக்குத் தானே போன் எடுத்தாள்.

"அம்மா, நாளையிலருந்து பேர் கூப்பிடுறாங்க. நான்தான் கூப்பிட வெச்சேன்!"

"அப்படிப் போடுடி எந் தங்கம்! இந்தா, இப்பவே அந்தப் பெரியதம்பி வாசல்ல போய் நின்னு சொல்லிட்டு வர்றேன்."

மறுநாள் மண்டபத்தில் நிற்க இடமில்லை. கிஷாந்த்கூடப் பல் விளக்கிய நுரையோடு ஓடி வந்திருந்தான். கஜேந்திரன் கூப்பிட்டார், கூப்பிட்டார், தொண்டை கட்டும்வரை கூப்பிட்டார். பாடவேளை முடிந்தது, பெயர்களும் முடிந்தன. தக்ஷிகாவின் பெயர் மட்டும் வரவில்லை.

"சேர்! என் பேரு?"

"இதில் இல்லையே. காரியாலயத்தில் கேளுங்கள்." அவர் அடுத்த வகுப்புக்கு ஓடினார்.

"கேக்க மாட்டேன்! என் பேரக் கூப்பிடாம இந்த எடத்த விட்டு நகரவும் மாட்டேன்!"

அதைக் காதில் வாங்க அங்கே யாரும் இல்லை. எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பெரியதம்பியின் முகத்தை ஒரு முறை நினைத்துக்கொண்டாள். அழுகை போய்க் கோபம் வந்தது. கையைக் கட்டிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டாள்.

சாவிக்கொத்தோடு அழகன் வந்தார். அவரும் மலைநாட்டு டிக்கோயாக்காரர், வகுப்புகளைத் திறப்பதும் பூட்டுவதும் அவர் வேலை.

"பூட்டணும் தங்கச்சி. எந்திரிங்க."

"எந்திரிக்க மாட்டேண்ணே. மூணு வாரமா ஒரு நாள் தவறாம வர்றேன். ஹட்டன் காலேஜ்லருந்து வந்தவன்னா அவ்வளவு எளக்காரமா? தக்ஷிகான்னு ஒருத்தி இருக்கிறதே இந்தக் கம்பஸ்ல யாருக்கும் தெரியாதா?"

அழகன் சாவியை ஆட்டுவதை நிறுத்தினார். அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"அட, அந்த தக்ஷிகா நீங்கதானா? ஹட்டன் காலேஜ்லருந்து வந்த புள்ளைங்களுக்கு கீழ சின்ன ரூம்ல தனியா வகுப்பு நடக்குதே, அங்க மூணு வாரமா தெனமும் மொதப் பேரா ஒங்களத்தான் கூப்புட்டுட்டு, வரலன்னு போடுறாங்க!"