பந்திக்கு முன்னால் நின்றுபோன பேச்சு

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை பீட்டர் அவர்களுக்கு,

இலுப்பூரிலிருந்து மாமனார் செபமாலை எழுதுவது. அங்கே நீங்களும் என் மகள் ஷர்லியும் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன். இங்கே சுகம் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது.

தம்பி ராசுவின் பேத்தி முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்தில் உங்களை மேடையேற்றியது நான்தான். தன் மருமகன் கத்தாரில் இன்ஜினியர் என்று ராசு மைக்கில் சொன்னதும் எனக்குப் பொறுக்கவில்லை. மைக்கைப் பிடுங்கி, "எங்க மாப்ள பாண்டிச்சேரில லத்தீன் ஆராய்ச்சி பண்றாரு, இப்பப் பேசுவாரு" என்றேன். "வேணாம் மாமா" என்று நீங்கள் கையைப் பிடித்தும் கேட்கவில்லை. நீங்களும் பாவம், 'ஃபாமா' என்றால் புகழ், அதன் வாலில் 'ஓசுஸ்' சேர்ந்தால் புகழ் நிறைந்தவர், அதுதான் ஸ்பானிஷிலும் இத்தாலியனிலும் 'ஃபமோசோ' ஆனது, பிரெஞ்சில் வால் தேய்ந்துபோனது என்று ஆரம்பித்தீர்கள். அதற்குள் ராசு, "இதுக்கு எம்புட்டு மாப்ள சம்பளம்?" என்கிறான், சமையல்காரர் பிரியாணி ஆறுதுன்னு கையைக் காட்டுறாரு, பாதிச் சனம் பந்திக்கு எந்திரிச்சிருச்சு. நானும் எல்லார் முன்னாடியும், "போதும் மாப்ள, எலை போட்டாச்சு"ன்னுட்டேன். நீங்க கும்பிட்டுட்டு, சாப்பிடாமலே பஸ் ஏறிட்டீங்க. வீட்டு மாப்பிள்ளை எலையில உக்காராமப் போனதை ஊரே கேக்குது. கிறிஸ்மஸுக்கு வரமாட்டோம்னு ஷர்லி சொன்னதுலேர்ந்து அவ அம்மா என்கூடப் பேசுறதில்ல.

மைக்செட்காரர் நீங்கள் பேசியதைப் பதிவு செய்திருந்தார். திரும்பத் திரும்பக் கேட்டேன். நாம 'அன்பு'க்குப் பின்னாடி 'ஆன' போடுற மாதிரிதான் அவங்களும் ஒரு வாலு வக்கிறாங்க, அந்த வாலு எந்த வீட்டுலேர்ந்து வந்துச்சுன்னு தேடுறதுதான் ஒங்க வேலைன்னு இப்பத்தான் வெளங்குது. நல்லாத்தான் சொல்லியிருக்கீங்க. அதை நிறுத்தினதை நெனச்சா எனக்குச் சோறு எறங்கல.

மன்னிச்சிருங்க மாப்ள. இனிமேல் உங்களைக் கேட்காமல் எந்த மைக் பக்கமும் கூப்பிடமாட்டேன். கிறிஸ்மஸுக்கு மட்டும் வந்துவிடுங்கள், முதல் இலை உங்களுக்குத்தான்.

மாதா துணையில் இருவரும் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தலைகுனிந்த மாமனார்
செபமாலை

பி.கு.: கிறிஸ்மஸுக்கு மறுநாள் ராசுவின் புது வீட்டைச் சாமியார் வந்து மந்திரிக்கிறார். 'சிறப்புரை' என்று உங்கள் பெயரைப் போட்டு நோட்டீஸ் ஊர் முழுக்கக் கொடுத்தாகிவிட்டது. கத்தார்காரருக்கு வெறும் நன்றியுரைதான். நீங்க பேசி முடிக்கிறவரைக்கும் பந்திக் கதவுச் சாவி என் இடுப்புல இருக்கும்.