காப்பெலுக்கு வந்து சேராத சிங்கம்

ஊர் சுற்றுகிறவர்களில் பார்ப்பதற்காகப் போகிறவர்கள் உண்டு, பார்த்ததாகச் சொல்வதற்காகப் போகிறவர்களும் உண்டு. தொண்ணூற்றாறில் நான் இரண்டாவது கூட்டத்துக்குத் தலைவன், செயலாளர், பொருளாளர் எல்லாம்.

அப்போது டெக்சாஸில், காப்பெலில் இருந்தோம். நான், மனைவி சிவகாமி, ஏழு வயது மகள் கயல். எங்கள் தமிழ் வட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. யார் எங்கே போய்வந்தாலும், திரும்பிய வார இறுதியில் ஆளுக்கொரு பாத்திரம் சமைத்துக்கொண்டு ஒரு வீட்டில் கூடி, போய்வந்தவர் எடுத்த வீடியோவைத் தூங்காமல் பார்க்க வேண்டும். அந்த ஒரே வருடத்தில் நயாகராவை நான் ஒன்பது முறை பார்த்தேன். (தண்ணி விழுது, விழுந்துக்கிட்டே இருக்குது, அவ்வளவுதான் கதை.) நான் வேறு மாதிரி ஆள் என்று காட்ட வேண்டாமா? சொந்த ஊரான பொள்ளாச்சிக்குப் போகும் வழியில் நைரோபியில் நான்கு நாள் இறங்குவதாக அறிவித்தேன். ஒரு நாட்டின் தலைநகரம், நகரத்தின் ஓரத்திலேயே காடு, காட்டுக்குள் சிங்கம். அந்தச் சிங்கத்தைக் காப்பெலுக்குக் கொண்டுவந்து காட்டுகிறேன் என்று யாழ்ப்பாணத்து டாக்டர் ரத்தினம் வீட்டு விருந்தில் முப்பது பேர் முன்னால் சபதமே செய்தேன்.

அதற்காக ஒரு வீடியோ கேமரா வாங்கினேன். வாங்கினேன் என்பது பாதி உண்மை. அமெரிக்கக் கடைகளில் பிடிக்காத பொருளை ஒரு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம். எங்கள் வட்டத்து நயாகராக்களில் பாதி, இப்படி வாங்கித் திருப்பிக் கொடுத்த கேமராக்களில் விழுந்தவைதான். திருப்பிக் கொடுக்கும் பொருள் கன்னி கழியாமல் இருக்க வேண்டும் என்பதால் நான் எதையும் உரிக்கவில்லை. விளக்கப் புத்தகத்தின் உறையைப் பிரிக்கவில்லை. பதிவாகும்போது எரியும் சிவப்பு விளக்கின் மேல் ஒட்டியிருந்த தாளை எடுக்கவில்லை. கண் வைத்துப் பார்க்கும் துளையின் மேலிருந்த மெல்லிய பிளாஸ்டிக்கைக்கூடத் தொடவில்லை. அதன் வழியே உலகம் பால்கோவா மாதிரி தெரிந்தது. பரவாயில்லை, டேப்பில் தெளிவாக இருக்கும் என்று சிவகாமியிடம் சொன்னேன்.

முதல் நாள் காலை காட்டுக்குள் வண்டி நுழைந்தது. ஓட்டுநர் காமாவு, நிதானமான மனிதர். அந்த வெளிச்சத்தை எப்படிச் சொல்வது! புல் முழுக்கப் பொன், பொன்னுக்குப் பின்னால் அடுக்குமாடிக் கட்டடங்கள், கட்டடங்களுக்கும் நமக்கும் நடுவே, பஸ்ஸுக்குக் காத்திருப்பது போல வரிக்குதிரைகள். நான் பொத்தானை அழுத்தினேன். உற்சாகத்தில் இன்னொரு தரமும் அழுத்திவிட்டேன். (அங்கே புடிச்சது சனி.)

காட்டிலிருந்து திரும்பி, மர நிழலில் ஆட்டுக்கறியைக் கரி நெருப்பில் சுட்டுப் பலகையில் வைத்து வெட்டித் தந்தார்கள். தொட்டுக்கொள்ள உப்பும் மிளகாயும், கூடவே சோளமாவுக் களியும் கீரையும். மறுநாள் ஒட்டகச்சிவிங்கி கயலின் கையிலிருந்து தீனியை வாங்கித் தின்றது. அதற்கு மறுநாள் முரசு அதிர அதிர ஒரு நடனம். எல்லாவற்றையும் எடுத்தேன். கேமரா அவ்வப்போது கீக்கீ என்றது. அதற்கும் சந்தோஷம்போல என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வந்த சனிக்கிழமை, அதே டாக்டர் வீடு, அதே முப்பது பேர். சிங்கம் பத்தடியில் என் கண்ணைப் பார்த்தது, நான் அதன் கண்ணைப் பார்த்தேன், அதுதான் முதலில் கண்ணைத் தாழ்த்தியது என்று முன்னுரை கொடுத்துவிட்டு டேப்பைப் போட்டேன்.

திரையில் என் ஷூ வந்தது.

ஐந்து நிமிடம் கழித்தும் அதே ஷூ. பிறகு வண்டியின் தரை, என் முழங்கால், மறுபடி ஷூ. எடுப்பதாக நினைத்த நேரமெல்லாம் கேமரா ஓய்வெடுத்திருக்கிறது. நிறுத்திவிட்டுக் கழுத்தில் தொங்கவிட்ட நேரமெல்லாம் மும்முரமாக வேலை செய்திருக்கிறது. டேப்பும் முதல் நாளே தீர்ந்துபோயிருக்கிறது.

“நல்ல சப்பாத்து ஐசே. எங்க வாங்கினது?” என்றார் டாக்டர் ரத்தினம்.

நான் நிறுத்தப் பாய்ந்தேன். ரிமோட் அவர் கையில் இருந்தது. அப்போதுதான் டிவியில் என் குரல் கேட்டது.

“காமாவு, ப்ளீஸ், ரிவர்ஸ். ஐ ஹேவ் ஏ டாட்டர்.”

“டாடி, யூ ஆர் சிட்டிங் ஆன் மை ஹேண்ட்.” இது கயல்.

“ஏனுங்க, சத்தம் போடாதீங்க. அது பாட்டுக்குப் படுத்திருக்குது. காமாவு, லிட்டில் க்ளோசர்.” சிவகாமியின் குரலில் துளி நடுக்கம் இல்லை.

அதற்குப் பிறகு முருகா முருகா என்று ஒரே ஆளின் பஜனை. நடுவில், சிங்கத்தைச் சிம்பா என்கிற காமாவுவின் சிரிப்பு: “மேடம் லைக்ஸ் சிம்பா. சார் லைக்ஸ் ஹோட்டல்.”

முப்பது பேரும் சிரித்துச் சிரித்துச் சோபாவிலிருந்து சரிந்தார்கள். காதுமடல் எரிய நான் சுவரைப் பார்த்தபடி நின்றேன். சிரிப்பு அடங்கியதும் டாக்டர் சிவகாமியின் பக்கம் திரும்பினார். “சரி, இவர் ஒண்டும் காணேல்ல. நீங்கள் சொல்லுங்கோ பிள்ளை. சிங்கம் எப்பிடி இருந்தது?”

விருந்துகளில் அடுப்படிப் பக்கமே நிற்கிற சிவகாமி, நடுக்கூடத்துக்கு வந்தாள். சிங்கத்தின் மூக்கில் ஒரு பழைய வெட்டுக்காயம் இருந்ததைச் சொன்னாள். கொட்டாவி விட்டபோது அதன் தாடையிலிருந்து ஓர் ஈ எழுந்து, வாய் மூடியதும் அதே இடத்தில் வந்து உட்கார்ந்ததைச் சொன்னாள். ஒட்டகச்சிவிங்கியின் நாக்கு நாவல்பழம் தின்றது போலக் கருநீலம் என்றாள். களியைக் கையில் உருட்டிக் குழித்துக் கீரையை அள்ளுவதை விரலால் செய்து காட்டினாள். ஷூ ஓடிக்கொண்டிருந்த டிவியை யாரோ அணைத்தார்கள். ஒரு மணி நேரம் ஒருவரும் அசையவில்லை. பால்கோவாவையும் மூடிய இமையையுமே பார்த்துவிட்டு வந்த நானும்தான். அந்தச் சிங்கத்தை முதன்முதலில் நான் பார்த்தது காப்பெலில், அவள் சொல்லில். அவமானம் போன இடம் தெரியவில்லை. இவள் என் மனைவி என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லியும்விட்டேன். (அந்தாளு எங்களுக்குப் பத்து வருஷ சிநேகம்.)

கிளம்பும்போது சிவகாமி கார் சாவிக்குக் கை நீட்டினாள். லைசென்ஸ் வாங்கி இரண்டு வருடமாகியும் ஃப்ரீவேயில் ஏற அவளை நான் விட்டதில்லை. அவளுக்குப் பயம் என்று ஊருக்கெல்லாம் சொல்லிவைத்திருந்தேன்.

“யாருக்குப் பயம்னுதான் இன்னிக்கு எல்லாரும் காதால கேட்டாங்களே. குடுங்க” என்றாள்.

கொடுத்தேன். லாரிகளுக்கு நடுவே வண்டி வழுக்கிக்கொண்டு போனது. நான் ஜன்னலுக்கு மேலிருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

கேமராவைத் திருப்பிக் கொடுக்க அவள் விடவில்லை. அதன் பிறகு எங்கள் வீட்டுப் படங்கள் எல்லாம் அவள் எடுத்தவை, ஒன்றில்கூட ஷூ இல்லை. காப்பெலில் என் பெயர் ‘சிங்கம் அங்கிள்’ என்றாகிவிட்டது. புதிதாக ஊரிலிருந்து வருகிற பையன்கள் என் வீரத்துக்கு வந்த பட்டம் என்று நினைத்து மரியாதையாகக் கை குலுக்குகிறார்கள். நானும் மறுப்பதில்லை. நெஞ்சை நிமிர்த்திச் சிரித்துவிட்டு, பக்கத்து சீட்டில் ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொள்கிறேன்.