வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு வழக்கு

ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் கட்டம் கட்டிப் போட்டிருக்கும் 'முக்கியச் சொற்கள்' பகுதியை மட்டும் படித்துவிட்டு ஒரு நாட்டையே நடத்திவிடலாம் என்று நம்பியவன் நான். நல்லவேளையாக என் கையில் நாடு எதுவும் சிக்கவில்லை. துபாய் கராமாவில் ஏழு பேர் தங்கியிருந்த ஓர் அறைதான் சிக்கியது.

அப்போது அங்கே அமெரிக்கப் பாடத்திட்டம் நடத்தும் ஒரு பள்ளிக்கூடத்தின் நூலகத்தில் எனக்கு வேலை. புத்தகங்களுக்கு அட்டை போடுவேன், எண் ஒட்டுவேன், பிள்ளைகள் அலமாரிக்குப் பின்னால் ஒளித்துவைக்கும் சிப்ஸ் பாக்கெட்டுகளைத் துழாவி எடுப்பேன். (ஊரில் கேட்டவர்களிடம் 'எஜுகேஷன் லைன்' என்று சொல்லிவைத்திருந்தேன்.) ஒரு ஜூன் மாதம் பழைய புத்தகங்களைக் கழித்துக்கட்டியபோது, அமெரிக்க அரசியல் சாசனத்தைப் பற்றிய தடித்த பாடநூல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தேன். மெட்ரோவில் மடியில் வைத்துப் புரட்டினேன். அதிகாரப் பிரிவினை. வீட்டோ. இம்பீச்மெண்ட். பொது மன்னிப்பு. ஒவ்வொரு சொல்லும் பூட்டிய அறையின் சாவி போல மினுங்கியது. வெளியே வெயில் ஒரு கண்ணாடிக் கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவித் தாவி என்னோடு கூடவே ஓடிவந்தது. நான் இறங்க வேண்டிய ஸ்டேஷனைத் தாண்டி நாலு ஸ்டேஷன் போயிருந்தேன். அன்றைக்கே சுதாரித்திருக்க வேண்டும்.

எங்கள் அறையை ஆண்டுகொண்டிருந்தவர் செல்வராஜ் அண்ணன். புதுக்கோட்டைக்காரர், தண்ணீர் கேன் வண்டி ஓட்டுபவர். விடியுமுன் கிளம்பி மூன்று மணிக்கெல்லாம் டூட்டி முடித்து வந்துவிடுவார் என்பதால் ஏழு பேருக்கும் அவர்தான் சமையல். யாரும் அவரை நியமிக்கவில்லை. ஊரிலிருந்து பெட்டிக்குள் துணி சுற்றிக் கொண்டுவந்த ஓர் இரும்புச் சட்டியை முதல் நாளே சமையலறை ஆணியில் மாட்டினார், ஆட்சி அமைந்துவிட்டது. என்ன சமைப்பது என்று முடிவெடுப்பவர் அவர். சமைப்பவரும் அவர். "நல்லாத்தான் இருக்கு, சாப்பிடுங்க" என்று தீர்ப்புச் சொல்பவரும் அவரே. மூன்று அதிகாரங்களும் ஒரே லுங்கி முடிச்சில்.

சாப்பாட்டில் குறையா என்றால், அதுதான் இல்லை. மூன்றாம் மாடி அறைக்காரர்கள் அவரைத் தங்கள் பக்கம் இழுக்க இரண்டு வருடமாக நூல் விட்டுக்கொண்டிருந்தார்கள். சன்னலோரக் கட்டில், தனி அலமாரி என்று ஆசை காட்டினார்கள். அவர் அசையவில்லை. அப்பேர்ப்பட்ட மனிதரைக் கொடுங்கோலன் என்று எனக்குக் காட்டிக்கொடுத்தது அந்தப் பாடநூலின் மூன்றாவது அத்தியாயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு அறைக்கு அரசியல் சாசனம் வேண்டும் என்று அறிவித்தேன். வயிறு நிறைந்திருந்ததால் யாரும் எதிர்க்கவில்லை. எங்களிடம் மூன்று அடுக்குக் கட்டில்கள். கீழ்க்கட்டில்காரர்கள் மூவரும் பிரதிநிதிகள் சபை. மேல்கட்டில்காரர்கள் மூவரும் செனட். பிரிட்ஜுக்குப் பக்கத்தில் தரையில் மெத்தை போட்டுப் படுத்த நான் எந்தச் சபையிலும் சேராததால் ஜனாதிபதி. (இதை முன்மொழிந்ததும் நான், வழிமொழிந்ததும் நான்.) உச்ச நீதிமன்றத்துக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. நீதிபதிக்கு வாழ்நாள் பதவி என்றதும் எல்லோரும் பின்வாங்கிவிட்டார்கள். விசாவே இரண்டு வருடம்தான். வாழ்நாளுக்கு யார் கையெழுத்துப் போடுவது?

செல்வராஜ் அண்ணன் கீழ்க்கட்டில். ஆகவே சபை உறுப்பினர். கூடவே 'சமையல் அதிகாரி' என்று ஒரு பதவியும் தந்தேன். அதுவரை அவர் செய்துகொண்டிருந்ததையே இனி எங்களுக்குக் கட்டுப்பட்டுச் செய்ய வேண்டும் என்பதுதான் அதன் பொருள். அவர் மறுக்காமல் மஞ்சள் பட்ட கட்டைவிரலைக் காகிதத்தில் ஒற்றிவிட்டு, உளுந்து ஊறப்போட்டிருப்பதாகச் சொல்லி எழுந்துபோனார். சாசனத்தைப் பிரிட்ஜ் கதவில் ஒட்டினேன்.

முதல் சட்டம்: புதன்கிழமை மீன். ஒருமனதாக நிறைவேறியது. இரண்டாவது சட்டம்: ஏசியைப் பதினெட்டில் வைப்பது. தரையில் படுக்கிறவனுக்குக் குளிர் எப்படி வரும் என்று எனக்குத்தான் தெரியும். முதன்முதலாக வீட்டோ அதிகாரத்தைக் கையில் எடுத்தேன். இரண்டு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு சேர்ந்தால் வீட்டோ செல்லாது என்று கோயம்புத்தூர் பாஸ்கரன் பக்கத்தைத் திறந்து காட்டினார். ஒரு கட்டுமானக் கம்பெனியில் காகிதங்களைச் சரிபார்த்து அடுக்குவது அவர் உத்தியோகம். ஒரு கமாவைக்கூடச் சும்மா விட மாட்டார். அந்தப் புத்தகத்தை என்னைவிட அதிகமாகப் படித்தவர் அவர். (அதாவது, கட்டத்துக்கு வெளியேயும் படித்தார்.) என் வீட்டோ எட்டு நிமிடம் உயிரோடு இருந்தது.

மூன்றாவது புதன்கிழமைதான் வினை. மீனுக்கு நாக்கைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தவர்கள் முன் வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு வந்து இறங்கியது. தொட்டுக்கொள்ள அப்பளம். மீன் எங்கே என்று கேட்டதற்கு, இன்றைக்கு மீன் சரியில்லை என்றார் செல்வராஜ் அண்ணன், யார் முகத்தையும் பார்க்காமல். பாஸ்கரன் மெல்லத் தன் போனை எடுத்தார். டூட்டி முடிந்து வரும்போது மீன்கடையைப் படம் எடுத்து வந்திருக்கிறார். ஐஸ் மேல் வரிசையாக ஷேரி மீன்கள், கண்கள் பளபளவென்று.

"சட்டத்தை அமல்படுத்தலைங்க. அதுக்கு மேல சபை முன்னால பொய் வேற சொல்லியிருக்காருங்க," என்றார் பாஸ்கரன், என்னைத் தனியே பால்கனிக்குக் கூப்பிட்டு. "இது இம்பீச்மெண்டுங்க."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. புத்தகத்தில் பார்த்த சொல் எழுந்து வந்து எங்கள் பால்கனியில், காயப்போட்ட பனியன்களுக்கு நடுவே நிற்கிறது. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாமல், தீர்மானத்தை அழகான நடையில் எழுதிக்கொடுத்தேன். கீழ்க்கட்டில் சபையில் பாஸ்கரனும் தென்காசி சுடலையும் கை தூக்கினார்கள். (மீன் இல்லாத கோபத்தில் சுடலை இரண்டு கையையும் தூக்கினான்.) மூன்றாவது உறுப்பினர் சமையலறையில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தார். இரண்டுக்குப் பூஜ்யம். விசாரணை ஞாயிற்றுக்கிழமை செனட்டில் என்று பிரிட்ஜில் ஒட்டினேன். நடுவர்களாக உட்காரப்போகிற செனட்டர்களிடம் வழக்கைப் பற்றி முன்கூட்டி யாரும் பேசக் கூடாது என்றும் உத்தரவு போட்டேன். செனட்டர்கள் மூவரில் இருவர் பெயிண்டர்கள், எதிலும் சேர்ந்தே ஓட்டுப்போடுகிறவர்கள். மூன்றாமவன் யோகன், யாழ்ப்பாணத்துக்காரன், ஏசி மெக்கானிக். அன்று எல்லோருக்கும் பிறகு வந்து, அந்தப் புளிக்குழம்பை ஒன்றும் பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவன், மறுநாள் விடியலில் அல் ஐன் சைட்டுக்குப் போய்விட்டான்.

வியாழக்கிழமை டூட்டி முடித்து வந்து பிரிட்ஜைத் திறக்கப்போன செல்வராஜ் அண்ணன் காகிதத்தைப் படித்தார். எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தார். பிறகு தோள் துண்டை உதறி மடித்து அடுப்பு மேடையில் வைத்துவிட்டுக் கட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டார். நான் வந்து பார்த்தபோது அடுப்பு ஈரம் காய்ந்து சில்லென்று கிடந்தது.

சொல்லை விளக்கிச் சொன்னால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. இம்பீச்மெண்டுன்னா பதவியை விட்டுத் தூக்குறது இல்லண்ணே. குற்றம் சாட்டுறது மட்டும்தான். தூக்குறதா வேண்டாமான்னு அப்புறமா செனட்டு சொல்லும்."

அவர் சுவரைப் பார்த்தபடியே சொன்னார்: "தூக்கியிருந்தாத் தேவல தம்பி."

புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். இந்தத் தடவை கட்டத்துக்கு வெளியேயும் படித்தேன்.

அடுத்த வழி பொது மன்னிப்பு. ஜனாதிபதிக்கு உள்ள மகத்தான அதிகாரம். மன்னித்தோம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். பாஸ்கரன் பக்கத்தைத் திறந்தார். "இம்பீச்மெண்ட் வழக்குக்கு மட்டும் மன்னிப்பு செல்லாதுன்னு போட்டிருக்குதுங்க." அவர் குரலிலும் சுரத்து இல்லை. இரவுச் சாப்பாடு குபூஸ் ரொட்டியும் தயிரும் என்று அவருக்கும் தெரிந்திருந்தது. சரி, சாசனத்தையே திருத்திவிடலாம் என்றால் இரண்டு சபையிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், பிறகு மாநிலங்களில் நான்கில் மூன்று பங்கு ஒப்புக்கொள்ள வேண்டும். நாங்கள் மாநிலங்களை உண்டாக்கவே மறந்திருந்தோம். அவசரமாக ஹால், பால்கனி, குளியலறை, சமையலறை என்று நான்கு பிரித்தேன். பால்கனி சார்பில் யார் பேசுவது என்று ஒரு மணி நேரம் தகராறு. மேல்கட்டில் எது, கீழ்க்கட்டில் எது, நான் யார் என்பதே எனக்குக் குழம்ப ஆரம்பித்துவிட்டது.

வெள்ளிக்கிழமை நான் சமைத்தேன். சாம்பார் என்றுதான் ஆரம்பித்தேன். முடிவில் அது என்னவென்று யாரும் கேட்கவில்லை. பெயிண்டர்கள் மட்டும் அதைக் கிளறிப் பார்த்து, இதில் கொஞ்சம் தின்னர் கலக்க வேண்டும் என்றார்கள். செல்வராஜ் அண்ணன் ஒரு குபூஸை டீயில் நனைத்துத் தின்றுவிட்டுப் படுத்துக்கொண்டார். குறை சொல்லவில்லை. உப்பு இல்லை என்று ஒரு வார்த்தை திட்டியிருந்தால் என் நெஞ்சு கொஞ்சம் ஆறியிருக்கும்.

ஞாயிறு காலை எழுந்து பார்த்தால் அவர் கட்டில் காலி. மேல்சட்டைகள் ஆணியில் தொங்கின. ஆனால் சமையலறை ஆணி வெறுமையாக இருந்தது. இரும்புச் சட்டியைக் காணோம்.

"சட்டி போச்சுன்னா ஆளு போனாப்பிலதான்," என்றான் சுடலை.

ஆனாலும் செனட் கூடியது. ஏன் கூடியது என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆரம்பித்த ஒன்றை நிறுத்தும் பக்கம் அந்தப் புத்தகத்தில் கிடைக்கவில்லை. மேல்கட்டில்களிலிருந்து ஆறு கால்கள் தொங்கின. விசாரணைக்குத் தலைமை துணை ஜனாதிபதி என்று போட்டிருந்தது. அப்படி ஒருவரை நாங்கள் நியமிக்கவில்லை. பாஸ்கரன் குற்றப்பத்திரிகையை வாசித்தார். புதன்கிழமை. மீன். புளிக்குழம்பு. பொய்.

முந்தின நாள் நள்ளிரவில்தான் அல் ஐனிலிருந்து திரும்பியிருந்த யோகன் மேலேயிருந்து குனிந்து கேட்டான்: "எந்தப் புதன்?"

"போன புதனுங்க."

அவன் மெதுவாக ஏணியில் இறங்கி வந்தான். என் முன்னால் வந்து நின்றான்.

"அண்டைக்கு என்ர அம்மான்ர திவசம். அண்ணையிட்ட மட்டும்தான் சொன்னனான். மற்ற ஆக்களுக்குச் சொல்ல வேண்டாமெண்டும் நான்தான் கேட்டனான். எனக்கு ஒருத்தரும் பாவம் பார்க்கிறது பிடிக்காது." பிறகு என் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தான். "அதுக்கு அவரில வழக்கு வச்சனீங்களோ?"

ஏசி பதினெட்டில் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு மட்டும் வியர்த்தது. அந்தச் சமயம் பார்த்துப் படிக்கட்டு வழியாக ஒரு வாசனை இறங்கி வந்தது. வெங்காயமும் சோம்பும் இரும்பில் வதங்கும் வாசனை. அது எந்தச் சட்டியின் வாசனை என்று அறையில் எல்லோருடைய மூக்குக்கும் தெரியும்.

சபையும் செனட்டும் ஜனாதிபதியும் லுங்கியோடு மூன்றாம் மாடிக்கு ஏறினோம். கதவு திறந்திருந்தது. செல்வராஜ் அண்ணன் அடுப்பில் கறி கிளறிக்கொண்டிருந்தார். மேலறைக்காரர்கள் கல்யாணப் பந்தியில் முதல் வரிசை கிடைத்தவர்களைப் போல உட்கார்ந்திருந்தார்கள்.

"அண்ணை, வாங்கோ வீட்டுக்கு," என்றான் யோகன்.

"கேசுல இருக்கிற ஆளு அந்தக் கிச்சன்ல நிக்கலாமா கூடாதான்னு தெரியலப்பா," என்றார் அவர், கரண்டியை நிறுத்தாமல். "அதான் இங்க வந்தேன்."

நான் முன்னால் போனேன். வாயில் முதலில் வந்தது 'இம்பீச்மெண்ட்' என்பதுதான். பாஸ்கரன் பின்னாலிருந்து கிள்ளினார். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அலங்காரம் இல்லாமல் பேசினேன்.

"தப்பு என்னுதுண்ணே."

அவர் கறியை ஒரு சுற்றுக் கிளறினார். அடுப்பைத் தணித்தார். நாற்பது வயதை நெருங்கும் நான் பள்ளிப் பிள்ளை போலக் கைகட்டி நின்றேன்.

"நாலு நாளா அங்க பாத்திரம் யாரு கழுவுனது?"

யாரும் கழுவவில்லை என்று நாங்கள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எங்கள் முகம் சொல்லிவிட்டது.

"இனிமே யாரு கழுவுறது?"

"நான்ணே."

"எத்தன நாளைக்கி?"

"ஆயுசுக்கும்ணே."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். மேலறைக்காரர்களுக்குக் கறியைப் பாத்திரத்தில் மாற்றிக்கொடுத்துவிட்டு, சூடான சட்டியைத் துணியால் பிடித்து என் கையில் கொடுத்தார். அதைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி இறங்கினேன். முன்னும் பின்னும் செனட் நடந்தது. அன்று மாலை சாசனத்தைப் பிரிட்ஜிலிருந்து கிழித்துத் தட்டில் விரித்து, அதன் மேல் உளுந்து வடைகளை எடுத்து வைத்தார். எண்ணெயை நன்றாக உறிஞ்சியது. என் எழுத்து எதற்காவது பயன்பட்டது என்றால் அதற்குத்தான்.

பிறகு அந்த அறை கலைந்தது. யோகன் தோஹா போனான், பாஸ்கரன் சவூதிக்கு, அல் கோபார் போனார். எங்கள் வாட்ஸப் குழுவில் யாராவது சாப்பாட்டைக் குறை சொன்னால் இன்றும் உடனே மீன்கடைப் படம் ஒன்று வந்து விழும். என் மனைவியும் மகளும் துபாய் வந்து இறங்கிய அன்றைக்கே செல்வராஜ் அண்ணன் கதையை முழுவதும் சொல்லிவிட்டார். தன்னை 'இம்பீச் ஆன ஆளு' என்றுதான் மகளிடம் அறிமுகப்படுத்திக்கொண்டார். செனட் கடைசிவரை ஓட்டுப்போடவே இல்லை என்பதால் வழக்கு இன்னும் நிலுவையில் இருக்கிறதாம். அதில் அவருக்கு ஒரு கௌரவம்.

விடுமுறை ஞாயிறுகளில் எங்கள் வீட்டுக்கு வருவார், சட்டியோடு. சமைப்பார். சாப்பாடு முடிந்ததும் நான் எழுந்து தொட்டிப் பக்கம் போய்விடுவேன். அந்தச் சாசனத்தின்படி வாழ்நாள் பதவியில் இன்னும் இருப்பவன் நான் ஒருவன்தான். கழுவித் துடைத்துக் கொடுத்த சட்டியை அவர் சன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். விளிம்பை விரலால் ஒரு தடவு. பிறகு என்னிடமே நீட்டுவார்.

"இதுக்கு வீட்டோ."

அதை முறியடிக்க மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். என் வீட்டில் மொத்தம் மூன்று பேர். திரும்பிப் பார்த்தால், மனைவியும் மகளும் ஏற்கெனவே அவர் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார்கள். நான் மறுபடியும் குழாயைத் திறப்பேன்.