அண்ணன் காலுக்கு ஒரு பீங்கான் எலும்பு

என் யோசனையில் தப்பே இல்லை என்று இன்றைக்கும் சொல்வேன். தப்பு செய்தது சூளை. (சூளையில் வைத்தது நான்தான், அது வேறு விஷயம்.)

அறுபதுகளின் ஆரம்பம். கெமிஸ்ட்ரி படித்துவிட்டு பெங்களூரில் ஒரு பீங்கான் தொழிற்சாலை லேபில் சேர்ந்திருந்தேன். உலகத்தில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நம்பிய வயசுப்பெண் நான். அப்போதுதான் சுந்தரம் அண்ணனுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பில் சீழ் பிடித்தது. டாக்டர் சுரண்டி எடுத்ததில் எலும்பில் ஒரு குழி விழுந்துவிட்டது. இடுப்பெலும்பில் கொஞ்சம் வெட்டி அதை அடைக்க வேண்டும் என்றார். இன்னொரு ஆபரேஷனா என்று அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டான். சாப்பாடும் இல்லை, பேச்சும் இல்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. எலும்பைச் சுட்டால் மிஞ்சுவது கால்சியம் பாஸ்பேட். உசத்தியான பீங்கான் கோப்பை செய்யும் மண்ணிலேயே அதைக் கலக்கிறார்கள். கோப்பைக்கு ஆவது காலுக்கு ஆகாதா? சிவாஜிநகர் கறிக்கடையில் ஆட்டெலும்பு வாங்கி, வெள்ளைச் சாம்பலாகும்வரை சுட்டு, அரைத்து, பசை சேர்த்து உருட்டி, மறுபடி சூளையில் வைத்தேன். தந்தம் மாதிரி வந்தது. சுத்த சைவமான அம்மாவிடம் ஒரு வகை பஸ்பம் என்று மட்டும் சொல்லிவைத்தேன். (பொய் இல்லையே?)

டாக்டர் மைசூர்க்காரர். ஆஸ்பத்திரிக் கட்டிலருகே அவர் வந்ததும், அம்மாவும் பக்கத்தில் நிற்க, அந்தத் துண்டை அவர் கையில் கொடுத்தேன். இரும்பு மாதிரி இருக்கும், வேண்டுமானால் தட்டிப் பாருங்கள் என்றேன். முழங்காலைத் தட்டிப் பார்க்கும் சின்ன ரப்பர் சுத்தியலால், தூங்கும் குழந்தையைத் தட்டுவதுபோல் ஒரு தட்டுத் தட்டினார். என் கண்டுபிடிப்பு மாவாகி அண்ணனின் போர்வையில் கொட்டியது.

"என்னம்மா இது, விபூதியா?" என்றார் என்னிடம்.

அந்த ஒரு சொல் அம்மாவுக்குப் போதும். பக்தியோடு ஒரு சிட்டிகை எடுத்து அண்ணன் நெற்றியில் பூசி, தானும் இட்டுக்கொண்டு, மீதியை வாயில் போட்டுக்கொண்டாள்.

"அம்மா, அது ஆட்டெலும்பு," என்றேன்.

அம்மா என்னையே பார்த்தாள். "பிள்ளை நெத்தியில ஆட்டையா வெச்சேன்?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டு, குழாயடிக்கு ஓடினாள்.

டாக்டர் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் போய்விட்டார். நான் விடவில்லை. பொடியானால் என்ன, உடம்பு அதைக் கரைத்துத் தன் எலும்பாகவே மாற்றிக்கொள்ளும் என்று அவர் முதுகைப் பார்த்து வாதாடினேன்.

"ஆகலாம்மா. ஆனா அதுவரைக்கும் ஒங்க அண்ணன் எதுமேல நிக்கறது?" என்றார்.

அதுவரை வாயே திறக்காமல் கிடந்த அண்ணன் கட்டில் குலுங்கச் சிரித்தான். "டாக்டர், நாளைக்கே இடுப்புல எடுத்துருங்க. இவ இன்னொண்ணு சுட்டு எடுத்தாரதுக்குள்ள."

எடுத்தார்கள், கால் தேறியது. கால் தேறிய புகழில் எனக்கும் பங்கு உண்டு என்பதை வீட்டில் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

போன வருஷம் வழுக்கி விழுந்து என் மணிக்கட்டு உடைந்தது. உள்ளே டாக்டர் நிரப்பியது சாட்சாத் கால்சியம் பாஸ்பேட் பீங்கான் துகள். ஜெயித்தது நான்தான் என்று உடனே அண்ணனுக்குப் போன் செய்தேன். பொறுமையாக முழுவதும் கேட்டான்.

"சரி, எந்தக் கடை ஆடுன்னு விசாரிச்சியா?"

இப்போது பேரப்பிள்ளைகள்கூடப் போனில் என் கையைப் பற்றிக் கேட்பதில்லை. ஆடு சௌக்கியமா என்றுதான் கேட்கிறார்கள். சௌக்கியம்தான், உங்கள் எல்லாரையும்விட உறுதி என்று சொல்லிவிட்டு வைக்கிறேன்.