‘கீது’வுக்குள் அடங்காத ‘இருக்கிறது’

ஆவடி, செவ்வாய்

அன்புள்ள சுசீலா அத்தைக்கு வித்யா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். மாங்காட்டில் உங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் வருகிறதென்று நம்புகிறேன்.

ஞாயிறன்று கோயிலுக்கு நீங்கள் கூப்பிட்டபோது போனில் நான் சொல்லாதது: எனக்குக் காய்ச்சல் இல்லை. அப்பாவிடம் சொல்லாதது: நான் மாங்காட்டுக்குப் போகவில்லை. சேக்காட்டில் கிருபாகரன் அண்ணன் வீட்டு மாடியறையில், சுவரில் மெத்தையைச் சாய்த்துவைத்து, என்னோடு கல்லூரியில் படித்த யூசுப்புடன் ராப் பாடிக்கொண்டிருந்தேன். இதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மாமா வீடு அதிரப் படித்துக்காட்டுவார். அதனால்தான் கடிதம்.

செம்பரம்பாக்கம் ஏரியோரம் பிளாட் போடுவதைப் பற்றிய பாட்டு. யூசுப் பாதி எழுதினான், நான் பாதி. அவன் வரிகள் ‘கீது’ என்று முடியும், என்னுடையவை ‘இருக்கிறது’ என்று. நம் வீட்டில் யாராவது ‘கீது’ என்றால் அப்பா வாயைக் கொப்பளிக்கச் சொல்வாரே, அந்த வளர்ப்பு. பீட் போடுகிற கிருபாகரன் அண்ணன் போன வாரமே சொல்லிவிட்டார்: “அவன் சண்ட போடறான், நீ நியூஸ் வாசிக்கிற. ஒரே பாட்டா, பக்கத்து ஊட்டு டிவியா? ஞாயித்துக்கெயம ஒட்டலன்னா உன் பார்ட்ட வேற ஆள் பாடும்.” நான் எழுதியதை வேறொருத்தி பாடுவதா என்று வாரம் முழுக்கக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு ‘கீது’ பழகினேன். ஞாயிறன்று மைக் முன்னால் “ஏரிக்குப் பேரு கீது” என்று நான் அடித்துப் பாடினால், யூசுப் கைகட்டி நின்று, “ஏரிக்குள் வீடு இருக்கிறது” என்கிறான். எனக்காக அவனும் வாரம் முழுக்கச் செய்தி கேட்டுப் பழகியிருக்கிறான். அண்ணன் ஹெட்போனைக் கழற்றினார். “இன்னா நைனா, வாய மாத்தி மாட்டிக்கினு வந்துகீறீங்களா?”

பிறகு அவரவர் வாயோடுதான் பாடினோம். ஆனால் அவனுடைய இரண்டெழுத்து விழுகிற இடத்தில் என் ஆறெழுத்தும் நுழைய வேண்டும். “நீ மூச்சு உட்டுட்டு ஆரம்பிக்கிற வித்யா,” என்றான் யூசுப். “நான் மூச்சு உடறப்பவே நீ உள்ள வா.” அவன் ‘கீது’ அடங்குமுன் நான் நுழைந்தேன். ஒட்டியது. என் பேர் போட வேண்டாமென்று மட்டும் கேட்டுக்கொண்டேன். நேற்று வெளியிட்டுவிட்டார்கள்.

அதனால் அத்தை, அப்பா கேட்டால் நான் உங்களோடுதான் இருந்தேன் என்று சொல்லிவிடுங்கள். தெரிந்தால் இதுவே என் கடைசிப் பாட்டு. காமாட்சி அம்மன் உங்களுக்கும் என் பொய்க்கும் துணையிருக்கட்டும். மாமாவுக்கு என் அன்பு, கடிதத்தைக் காட்டிவிடாதீர்கள்.

வித்யா

பி.கு.: இதை ஒட்டப்போகையில் அப்பா ஃபேக்டரியிலிருந்து வந்ததும் உங்களை ஸ்பீக்கரில் பிடித்தார். நான் கேட்காமலே நீங்கள், “வந்தாளே! சர்க்கரைப் பொங்கல் ரெண்டு தொன்னை தின்னாளே!” என்றீர்கள். அப்பா போனை வைத்துவிட்டு, ஃபேக்டரி பஸ்ஸில் யாரோ அனுப்பிய பாட்டைப் போட்டார். “‘இருக்கிறது’ன்னு இவ்ளோ சுத்தமா சொல்ற பொண்ணு ஆவடியில வேற யாரு?” என்றார். கடைசிவரை கேட்டார். பிறகு அடுக்களைப் பக்கம் திரும்பி, அம்மாவிடம், “அடுப்புல டீ கீதா?” என்றார்.