திறந்த கம்பெனியும் மூடிய கம்பெனியும்

கூடையில் போன் இல்லை.

மாப்பிள்ளை கூடையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். செத்துப்போன பேட்டரிகள், எந்தப் பூட்டுக்கும் சேராத சாவிகள், ஒற்றைக் கம்மல் எல்லாம் விழுந்தன. அந்தச் செங்கல் மாதிரிப் பழைய பட்டன் போன் மட்டும் விழவில்லை.

வெளியே பார்க்கத்தான் அது பட்டன் போன். அந்த ஓட்டைக் கூட்டுக்குள் இருந்தது, அடுத்த வாரம் அவருடைய கம்பெனி வெளியிடப்போகும் தொடுதிரை போன். போனில் பட்டனே இல்லாமல் போகப்போகிறது என்று உலகம் வாயைப் பிளந்துகொண்டிருந்த காலம் அது. சோதனைக்கு வெளியே எடுத்துப்போகும் போனை இப்படிப் பழைய கூட்டுக்குள் மறைப்பது அந்தத் தொழிலில் வழக்கம். செங்கல்லை எவன் திருடுவான் என்ற தைரியத்தில் அவரும் அதை ஹாலில் எல்லார் கண்முன்னாலும் போட்டு வைத்திருந்தார்.

தொலைந்தது தெரிந்தால் வேலை போகும். அது யார் கைக்குப் போனது என்று தெரிந்தால், வேறெந்தக் கம்பெனியும் வாசலில்கூட நிற்க விடாது. ஏனென்றால் மனைவியின் தம்பி, போட்டிக் கம்பெனிக்காரன், நேற்று சாயங்காலம்தான் அப்பாவையும் கூட்டிக்கொண்டு வந்து இறங்கியிருந்தான்.

நேற்று சாப்பாட்டிலேயே சண்டை ஆரம்பித்துவிட்டது.

"எங்க மென்பொருளை யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம், மாத்திக்கலாம். எங்ககிட்ட ஒளிவுமறைவே கிடையாது மச்சான்!"

"கண்டவனும் கை வெச்சா அது உருப்படுமா அத்தான்? எங்க போன்ல பேட்டரியைக்கூட நாங்கதான் கழட்டணும்."

"ஏம்பா, ரெண்டுல எதுல நல்லாக் காது கேக்கும்?" என்றார் மாமனார். இருவருமே அவரைச் சட்டை செய்யவில்லை.

ஒளிவுமறைவே இல்லாத கம்பெனிக்காரர் இப்போது சோபாவுக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டிருந்தார்.

"என்னங்க தேடறீங்க?" மனைவி கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. நகவெட்டி."

அவள் அலமாரியைத் திறந்து உடனே எடுத்துக் கொடுத்துவிட்டாள். வேறு வழியில்லாமல் உட்கார்ந்து நகம் வெட்ட வேண்டியதாயிற்று. எதிரே மச்சான் பேப்பரை விரித்துக்கொண்டு இவரையே பார்த்தான். முழிக்கிற முழியே சரியில்லை. இவன்தான், சந்தேகமே இல்லை என்று முடிவு கட்டினார்.

மச்சான் குளிக்கப் போனதும் அவன் பையில் பாய்ந்தார். சட்டை, பேன்ட், மறுபடி சட்டை. அடியில் கை போகும்போது பின்னால் குரல் கேட்டது.

"அத்தான், என் பையில என்ன பண்றீங்க?"

சோப்பை மறந்துவிட்டானாம்.

"துணி... துவைக்கலாம்னு..."

"நீங்களா?" என்றாள் சமையலறையிலிருந்து வந்த மனைவி. "கல்யாணம் ஆனதிலேருந்து ஒரு கைக்குட்டை நனைச்சதில்ல. என் தம்பி மேல இவ்வளவு பாசமா?" அவள் கண் கலங்கிவிட்டது. பாசத்தை நிரூபிக்க, மாப்பிள்ளை பை முழுவதையும் வாளியில் முக்க வேண்டியிருந்தது.

நுரைக் கையோடு உள்ளே வந்தபோது, அவருடைய பீரோவுக்குள் மச்சான் பாதி உடம்பை நுழைத்திருந்தான்.

"என்ன மச்சான் தேடற?"

"போட்டுக்கச் சட்டை. எல்லாத்தையும் நனைச்சுட்டீங்களே." அவன் நெற்றியில் வேர்வை வழிந்தது. "நான் உடனே கிளம்பணும். ஆபீஸ்ல அவசர வேலை."

ஞாயிற்றுக்கிழமை என்ன ஆபீஸ்! மாப்பிள்ளை ஓடிப்போய் வாசல் கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். குளியலறைக்குள் புகுந்து மேலதிகாரிக்குப் போன் போட்டார்.

"சார், போட்டிக் கம்பெனி ஆள் ஒருத்தனை வீட்டுல பூட்டி வெச்சிருக்கேன்."

"எதுக்குய்யா?"

இதற்கு என்ன பதில் சொல்வதென்று யோசிக்காமல் போன் செய்தது தப்பு.

"சார்... அது வந்து... நம்ம புது போன்..."

"அங்கேயே இரு. செக்யூரிட்டியோட வரேன்."

இனி மறைக்க எதுவும் இல்லை. வெளியே வந்து மச்சானின் தோளைப் பிடித்தார்.

"மரியாதையாப் போனைக் குடுத்துடு. என் பொழப்பே அதுலதான் இருக்கு."

"நீங்க முதல்ல என் போனைக் குடுங்க!"

"உன் போனா? எது உன் போன்?"

"கூடையில போட்டு வெச்சேனே, பழைய பட்டன் போன்! அதுக்குள்ள..." மச்சான் நாக்கைக் கடித்துக்கொண்டான். அப்புறம் அவனுக்கே அழுகை வந்துவிட்டது. "அதுக்குள்ள எங்க புது மாடல் இருக்கு அத்தான். என் வேலையே போயிடும்."

மாப்பிள்ளையின் கை தானாக நழுவியது. திறந்த கம்பெனியும் மூடிய கம்பெனியும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தன. கல்யாணம் முடிந்த நாளிலிருந்து முதல் தடவையாக அவருக்கு மச்சானைப் பார்த்து இரக்கம் வந்தது.

"நீ எடுக்கல?"

"சத்தியமா இல்ல. நீங்க?"

"நானும் இல்ல."

அழைப்பு மணி அடித்தது. மேலதிகாரியாகத்தான் இருக்கும். மச்சான் இவர் கையை இறுகப் பிடித்தான். மாப்பிள்ளை சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துக் கதவைத் திறந்தார்.

வாசலில் மாமனார் நின்றார். கையில் பளபளவென்று ஒரு தொடுதிரை போன்.

"மாப்ளே, மூணாவதா ஒரு கம்பெனிக்காரன் கடை போட்டிருக்கான், ரெண்டு பழைய போன் குடுத்தா ஒரு புதுசு சும்மாத் தரானேன்னு கூடையில கெடந்த ரெண்டு செங்கல்லையும் காலையிலயே கொண்டு போனேன், மூடியைத் தொறந்து பாத்தவன் அப்படியே எந்திரிச்சு நின்னுட்டான், வீட்டுல இந்த மாதிரி இன்னும் இருந்தா கொண்டாங்கன்னு கார் வெச்சுல்ல அனுப்பியிருக்கான்!"